மூக்கைத் தூக்கு, கொக்கியைத் தாழ்த்து!

முதலில் ஒரு காட்சி. கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். மூடினால் அடுத்த வரியைப் படிக்க முடியாது. ஆகவே திறந்தே இருக்கட்டும்.

ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றங்கரையை ஒட்டி ஒரு தோப்பு என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் ஜவ்வாது மலை நீலமாகத் தெரிகிறது. காற்றுமழையில் ஒரு கிழட்டுப் புளியமரம் சாய்ந்துவிட்டது. கிளைகளை வெட்டி விறகுக்குக் கொடுத்தாயிற்று. அடிமரம் மட்டும் கிடக்கிறது. எட்டடி நீளம், இரண்டடி விட்டம். அதை ரோட்டு வரைக்கும் இழுத்துவிட்டால் போதும், மர அறுவை மில்லிலிருந்து லாரி வந்து எடுத்துக்கொள்ளும்.

இழுக்க வந்திருப்பது ஒரு மினி டிராக்டர். தென்னைக்கு நடுவே புகுந்து உழுவதற்காக வாங்கிய குட்டி வண்டி. ஓட்டுகிற பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். சங்கிலியைக் கட்டையின் முனையில் சுற்றிவிட்டான். மறுமுனையை எங்கே மாட்டுவது? டிராக்டருக்குப் பின்னால், சீட்டுக்குச் சற்றுக் கீழே, 'டாப் லிங்க்' மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே மாட்டுகிறான்.

ஓரமாக நின்ற பெரியவர் கேட்கிறார்: "இன்னாப்பா, அவ்ளோ மேல மாட்டுறே?"

"கீழ மாட்டுனா கட்டை மண்ணுல குத்திக்கினு வரும் பெரியப்பா. மேல மாட்டுனா மூக்கு தூக்கிக்கும். சும்மா வழுக்கிக்கினு வந்துரும்."

ஏறி உட்கார்ந்துவிட்டான். கியர் போட்டாயிற்று. கால் கிளட்ச்சில் இருக்கிறது.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிடலாம். அவன் சொன்னதில் பாதி சரி. நாலாயிரம் வருஷத்து அனுபவம் அந்தப் பாதிக்குப் பின்னால் நிற்கிறது. மீதிப் பாதி தப்பு. அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க மனிதர்கள் நிறைய உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். எவன் எவன் கொடுத்தான், எங்கே கொடுத்தான் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவோம். அதுவரைக்கும் பையன் கிளட்ச்சை மிதித்தபடியே இருக்கட்டும்.

*

தோல் ஊருக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்களா? நிறையவே உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. இந்த வட்டாரத்துத் தோல் ஷாப்புகளுக்குள் போனால், ஆளை விழுங்குகிற அளவுக்குப் பெரிய பீப்பாய்கள் படுத்தவாக்கில் சுழன்றுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். 'டிரம்' என்பார்கள். உள்ளே தோலும் தண்ணீரும் ரசாயனமும் புரளும். அந்த டிரம் பெரும்பாலும் மரம்தான். இரவும் பகலும் ஈரத்தில் ஊறினாலும் உளுத்துப்போகாத கெட்டி மரம். ரசாயனம் வருவதற்கு முன்னால் தோலைப் பதனிட்டதும் மரப்பட்டை, செடிப்பட்டைகளை வைத்துத்தான். ஆவாரம் பட்டைக்கு அந்தக் காலத்தில் இருந்த மவுசே தனி.

தோலை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோனது ரயில். ரயிலுக்கு அடியில் கிடந்ததும் மரம்தான்.

1856 ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சென்னை ராயபுரத்திலிருந்து கிளம்பி வாலாஜா ரோடுக்கு வந்து சேர்ந்தது. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு என்று கணக்கு. அந்தத் தண்டவாளம் அங்கேயே நிற்கவில்லை. ஆம்பூர், ஜோலார்பேட்டை வழியாக மேற்குக் கடற்கரைவரை ஓடியது. தண்டவாளத்துக்குக் கீழே ஸ்லீப்பர் கட்டை வேண்டும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். எங்கே போவது? பக்கத்தில் இருக்கிற மலைக்குத்தான்.

அதே 1856ல் சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் ஹியூ கிளெக்ஹார்ன். ஸ்காட்லாந்துக் குடும்பத்து மனிதர், படித்தது மருத்துவம். ஆனால் நாடி பிடித்துப் பார்த்தது காட்டுக்கு. அவர் போட்ட கணக்கு இது: சென்னை மாகாண ரயில்வேக்கு மட்டும் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் ஸ்லீப்பர்கள் தேவை. அதற்காக வெட்ட வேண்டிய மரங்கள் 35,000. ஒரு காலத்தில் மரம் மூடிக் கிடந்த வட ஆற்காட்டு மலைகள் மொட்டையாகிக் கொண்டிருப்பதை அவர் அன்றைக்கே எழுதிவைத்தார்.

மரம் வெட்டியவனைப் பற்றிப் புத்தகங்களில் கொஞ்சம் இருக்கிறது. மரம் போனதைப் பற்றி நிறைய இருக்கிறது. வெட்டிய மரத்தை மலையிலிருந்து இறக்கியவனைப் பற்றி? ம்ஹூம். ஒரு வரிகூடக் கிடைப்பது கஷ்டம். இத்தனைக்கும் மூன்று வேலையில் உயிருக்கு மோசமானது அதுதான்.

வெட்டும்போது மரம் ஒருமுறைதான் விழும். விழுந்த கட்டையோ, நகர்கிற ஒவ்வொரு அடியிலும் யாரையாவது தேடிக்கொண்டே இருக்கும்.

*

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், பரீட்சை இல்லை.

நம்முடைய புளியங்கட்டை எட்டடிக்கு இரண்டடி. பச்சை மரம் ஒரு கன மீட்டர், தோராயமாக ஒரு டன் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கட்டை சுமார் முக்கால் டன் வரும். குட்டி வண்டியின் எடை? ரகத்தைப் பொறுத்து முக்கால் டன்னிலிருந்து ஒரு டன்னுக்குள்தான்.

அதாவது இழுக்கிறவனும் இழுபடுகிறவனும் கிட்டத்தட்ட ஒரே எடை. யார் யாரை இழுப்பது?

சமதரையில், கட்டை சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் பரவாயில்லை. ஆனால் கட்டை அப்படி வராது. அதன் முன் விளிம்பு மண்ணில் குத்தும். மண்ணை உழுதுகொண்டே வரும். நாலடி தள்ளி ஒரு வேர் கிடக்கும், ஒரு கல் கிடக்கும். அதில் முட்டிவிட்டால், இழுக்கிறவன் எதிரே இருப்பது கட்டை இல்லை, பூமி. பூமியை இழுத்து ஜெயித்தவன் கிடையாது.

இதைப் புரிந்துகொண்ட முதல் ஆட்களில் எகிப்தியர்களுக்கு ஓர் இடம் உண்டு. ஜெஹூத்திஹோத்தெப் என்று ஒரு பிரபு. சுமார் 3,900 வருஷங்களுக்கு முன்னால் வாழ்ந்தவர். அவருடைய கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம். ஒரு ராட்சதச் சிலையை 170க்கும் மேற்பட்ட ஆட்கள் வரிசையாக நின்று கயிறு கட்டி இழுக்கிறார்கள். சிலை உட்கார்ந்திருப்பது ஒரு மரச் சறுக்குப் பலகைமேல். பலகையின் முன்பக்கத்தைப் பாருங்கள். மேல்நோக்கி வளைந்திருக்கிறது. மண்ணில் குத்தக் கூடாதல்லவா? அதற்குத்தான்.

பலகையின் முனையில் ஒருவன் நின்று மணலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். ஏதோ சடங்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2014ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். சரியான அளவு ஈரமாக்கிய மணலில் இழுத்தால், காய்ந்த மணலில் தேவைப்படுகிற பலத்தில் பாதி போதும்! காய்ந்த மணல் பலகைக்கு முன்னால் குவிந்து மேடு கட்டும். ஈர மணல் கட்டாது. சடங்கு இல்லை, சங்கதி.

ஆக, பலசாலி ஆவதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. எதிரே முட்டுவதை நீக்க வேண்டும். அதாவது, மூக்கைத் தூக்க வேண்டும்.

*

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்களைப் பார்க்க வேண்டுமானால், ஆம்பூரை விட்டுவிட்டுத் தெற்கே பொள்ளாச்சிப் பக்கம் போகவேண்டும். ஆனைமலை.

டாப்ஸ்லிப் என்ற ஊரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். யானைச் சவாரி, மூங்கில் காடு, சினிமா ஷூட்டிங். பெயருக்கு அர்த்தம் தெரியுமா? உச்சியிலிருந்து வழுக்கி விடுகிற இடம். எதை? தேக்குக் கட்டைகளை!

கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்ட ஆனைமலைத் தேக்கு வேண்டியிருந்தது. 1848ல் மைக்கேல் என்கிற ராணுவ அதிகாரி அந்தக் காட்டுக்குப் பொறுப்பாளராக வந்தார். மரத்துக்குக் குறைவில்லை. இறக்குவதுதான் பிரச்னை. மலை உச்சிவரைக்கும் கட்டையைக் கொண்டுவந்து, செங்குத்துச் சரிவில் உருட்டி, வழுக்கி விட்டார்கள். கூலி கேட்காத ஒரே வேலைக்காரன் புவியீர்ப்பு. அவனிடம் ஒரே குறை, பிரேக் கிடையாது.

இதே மலைக்கு அந்தப்பக்கம், கொச்சி சமஸ்தானத்தில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிவரை சுமார் 80 கிலோமீட்டருக்கு ஒரு டிராம் பாதை. 1907ல் ஓட ஆரம்பித்தது. மலைச்சரிவுகளில் அதற்கு எஞ்சினே கிடையாது. மேலேயிருந்து கட்டை ஏற்றிய வண்டி இறங்கும். அதோடு கம்பி வடத்தால் பிணைக்கப்பட்ட காலி வண்டி கீழேயிருந்து ஏறும். இறங்குகிற பாரம்தான் ஏறுகிற வண்டியை இழுக்கிறது. கிணற்று ராட்டினத்தில் இரண்டு பக்கமும் வாளி கட்டினால் எப்படியோ, அப்படி. கட்டையின் எடையையே கட்டைக்கு பிரேக்காக மாற்றிய புத்திசாலித்தனம்!

சரி, சரிவு வரைக்கும் கட்டையைக் கொண்டுவந்தது யார்? யானைகள். அவற்றை நடத்திய மலசர் இனத்து மாவுத்தர்கள். நான் இந்தக் கட்டுரையில் மிகவும் மரியாதையோடு வணங்குகிற பொறியாளர்கள் இவர்கள்தான்.

அவர்கள் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள்.

ஒன்று. கட்டையை வெட்டினதும் அப்படியே இழுக்கமாட்டார்கள். முன்முனையின் விளிம்பைக் கோடரியால் செதுக்கி உருண்டையாக்குவார்கள். எகிப்தியனின் வளைந்த பலகை ஞாபகம் வருகிறதா? பர்மாக் காடுகளிலும் இதே வழக்கம் இருந்தது. மூக்கைச் செதுக்கின கட்டை மண்ணில் குத்தாது. கல்லைக் கண்டால் ஏறிக் குதித்து வந்துவிடும்.

இரண்டு. முனைக்குப் பக்கத்தில் ஒரு துளை போடுவார்கள். கயிறோ சங்கிலியோ அதற்குள் போகும். வெளியே சுற்றிக் கட்டினால் பாதி வழியில் உருவிக்கொண்டு வரும். துளைக்குள் கோத்தால் வராது.

மூன்று. இதுதான் முக்கியம். பர்மாவில் யானையின் மார்பில் பட்டை கட்டி, அதில் சங்கிலியைப் பூட்டி இழுப்பார்கள். நம் தெற்கத்திக் காடுகளிலோ கயிற்றை யானை தன் பல்லில் கடித்துப் பிடித்து இழுப்பதுதான் பழைய வழக்கம். காட்டுமிராண்டித்தனம் என்றுகூட வெள்ளைக்காரர்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சரிவில் கட்டை உருள ஆரம்பித்தால், உடம்போடு பூட்டிய யானையைக் கட்டை சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பல்லில் பிடித்த யானை? வாயைத் திறந்துவிடும். அவ்வளவுதான். கட்டை அதுபாட்டுக்குப் போகும், யானை பிழைத்துக்கொள்ளும்.

எப்போது விடவேண்டும் என்று யானைக்குத் தெரியும். தலையைத் தூக்கி மூக்கை உயர்த்தவும் தெரியும். கட்டை முட்டினால், முட்டுகிறது என்பதும் தெரியும். நின்றுவிடும். மாவுத்தர் கத்தினாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அடுத்த அடி. டிராக்டருக்கு இது எதுவுமே தெரியாது. நிற்கச் சொல்லும்வரை இழுக்கும்.

*

யானை இல்லாத ஊரில் என்ன செய்தார்கள்?

1875. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணம், மானிஸ்டீ என்ற ஊர். சைலஸ் ஓவர்பேக் என்று ஒரு வண்டிப் பட்டறைக்காரர். அவரிடம் ஒரு விவசாயி வந்து, வழக்கத்துக்கு மாறாக ராட்சதச் சக்கரங்கள் வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்று விசாரித்தால், மரம் இழுக்க. ஓவர்பேக்குக்குப் பொறி தட்டியது. பத்தடி உயரத்துக்கு இரண்டு சக்கரம், நடுவே ஓர் அச்சு. கட்டையை வண்டிமேல் ஏற்றவில்லை. அச்சுக்குக் கீழே சங்கிலியில் தொங்கவிட்டார். முன்முனை தரையில் படாது. பின்முனை மட்டும் இழுபடும். பாரத்தைச் சக்கரம் சுமக்கும். குதிரை முன்னால் இழுத்தால் போதும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தூக்குவது ஒரு வேலை, இழுப்பது வேறு வேலை. ஓவர்பேக் இரண்டையும் பிரித்துவிட்டார். தூக்குவதற்குச் சக்கரம், இழுப்பதற்குக் குதிரை. இந்த வரியை ஒரு ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர்ப் பையனுக்குத் தேவைப்படும்.

பிறகு குதிரையின் இடத்துக்கு டிராக்டர் வந்தது. வந்ததும் ஆட்கள் சாக ஆரம்பித்தார்கள்.

*

ஹென்றி ஃபோர்டு 1917ல் ஒரு சின்ன டிராக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஃபோர்ட்சன். காரில் செய்த அதே தந்திரம். எளிமையான வண்டி, கொத்துக்கொத்தாக உற்பத்தி, அடிமாட்டு விலை. 1922ல் 395 டாலருக்கு இறங்கியது. நேற்றுவரை குதிரை பூட்டி உழுத சிறு விவசாயியெல்லாம் ஃபோர்ட்சன் வாங்கினார்.

குதிரை ஓட்டிய பழக்கம் அவருக்கு. குதிரை முட்டினால் நிற்கும். ஃபோர்ட்சன் நிற்கவில்லை.

என்ன நடந்தது? ஏர் ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டும். பின்சக்கரம் சுற்ற முடியாமல் நிற்கும். எஞ்சினுக்கு அது புரியாது, திருகிக்கொண்டே இருக்கும். சக்கரம் சுற்றாவிட்டால் எது சுற்றும்? வண்டி! பின் அச்சையே மையமாக வைத்துக்கொண்டு முன்பக்கம் ஆகாயத்துக்குக் கிளம்பும். மிரண்ட குதிரை முன்னங்காலைத் தூக்குமே, அந்த மாதிரி. அப்புறம் அப்படியே மல்லாக்கப் பின்னால் விழும். நடுவில் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கதி?

ஃபோர்டிடம் பத்திரிகை ஆசிரியராக இருந்து, பிறகு விலகி, சொந்தமாகப் பத்திரிகை நடத்திய பிப் என்பவர் 1922ல் ஒரு கணக்கை வெளியிட்டார். ஃபோர்ட்சன் கொன்றவர்கள் 136 பேர்! பின்னாளில் சக்கரத்துக்கு மேலே இருக்கிற மட்கார்டைப் பின்பக்கம் நீட்டி, வண்டி மல்லாந்தால் அது தரையில் ஊன்றித் தடுக்கும்படி மாற்றிப் பார்த்தார்கள்.

எத்தனை நேரத்தில் இது நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? முன்சக்கரம் எழும்ப ஆரம்பித்து முக்கால் விநாடி. அதற்குமேல் என்ன செய்தாலும் வண்டி திரும்பாது. முழுசாகக் கவிழ ஒன்றரை விநாடி. 'ஐயோ' என்று சொல்லி முடிக்கிற நேரம்தான். குதித்துத் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சமர்ப்பணம்.

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்துக்காரர். 1909ல் தானே செய்த விமானத்தில் பறந்தவர். முதல் உலகப்போர்க் காலத்தில், டிராக்டர்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க அவரை அனுப்பினார்கள். பார்த்தார். கலப்பையைச் சங்கிலி போட்டுப் பின்னால் கட்டி இழுப்பதுதான் தப்பு என்று முடிவுக்கு வந்தார். பல வருஷம் உழைத்து அவர் கொண்டுவந்த ஏற்பாடுதான் மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. கலப்பை மண்ணில் முட்டும்போது, கீழே இருக்கும் இரண்டு கைகளும் கலப்பையை இழுக்கின்றன. மேலே இருக்கும் அந்த ஒற்றைக் கை, அதாவது டாப் லிங்க், வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. விளைவு? முட்டினால் வண்டியின் மூக்கு எழும்பாது. தரையில் இன்னும் அழுந்தும்!

எமனையே காவல்காரனாக மாற்றிய வித்தை. இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற டிராக்டர்களில் பெரும்பாலானவற்றின் முதுகில் இருப்பது ஃபெர்குசனின் மூளைதான். அந்தப் பெயர்கூட நமக்குப் புதிசில்லை. 1960ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் சிவப்பு வண்டிகளில் 'மாஸே ஃபெர்குசன்' என்று எழுதியிருக்குமே, அவரேதான் இவர்.

இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

டாப் லிங்க் என்பது தள்ளுவதற்காகப் படைக்கப்பட்ட இடம். அதில் ஒரு சங்கிலியை மாட்டினால்? சங்கிலிக்குத் தள்ளத் தெரியாது. இழுக்க மட்டும்தான் தெரியும். அச்சுக்கு மேலே பிடித்து, பின்னோக்கி இழுக்கும். கோழியின் கழுத்தைப் பின்பக்கமாக வளைப்பதுபோல. ஃபெர்குசன் எந்தச் சாவைத் தடுக்க அந்த இடத்தைப் படைத்தாரோ, அதே இடத்தில் அதே சாவைக் கையால் மாட்டிவிடுகிறோம்.

ஆம்பூர்ப் பையன் ஞாபகம் இருக்கிறானா?

*

கால் வலித்திருக்கும் பாவம். வாருங்கள், திரும்பிப் போவோம்.

அவன் சொன்னது என்ன? மூக்கைத் தூக்கினால் கட்டை குத்தாது. சரி. எகிப்தியனும் மலசரும் ஓவர்பேக்கும் சேர்ந்து ஒப்புக்கொள்கிற உண்மை. ஆனால் மூக்கைத் தூக்குவதற்காகக் கொக்கியையும் தூக்கிவிட்டான். அதுதான் தப்பு. கட்டையின் மூக்கு எழவேண்டும். டிராக்டரின் மூக்கு எழக் கூடாது. இரண்டுக்கும் ஒரே சங்கிலியில் தீர்வு தேடினால், பதில் ஒன்றரை விநாடியில் வரும்.

வண்டியின் கீழே, பின் அச்சைவிடத் தாழ்வாக 'டிராபார்' என்று ஓர் இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். டிரெய்லர் மாட்டுகிற இடம். இழுப்பதற்காகவே படைத்தது அது ஒன்றுதான். அதில் மாட்டினால், முன்சக்கரம் லேசாக எழும்பினாலும் அந்த இரும்பு தரையை நோக்கி இன்னும் தாழும். தாழத் தாழ இழுப்பின் பிடி தளரும். வண்டி தானாகக் கீழே உட்காரப் பார்க்கும். மேலே மாட்டினால் இந்த மன்னிப்பு கிடையாது. இரண்டு கீழ்க் கைகளுக்கும் குறுக்கே ஓட்டை ஓட்டையாக ஒரு பட்டை போடுவார்களே, அதில் மாட்டிவிட்டு ஹைட்ராலிக்கால் உயரத் தூக்கினாலும் அதே ஆபத்துதான். பெயர் கீழ்க் கையாக இருந்தென்ன, தூக்கிப் பிடித்தால் மேல் கைதான்.

கட்டையின் மூக்குக்கு என்ன வழி? பழைய ஆட்களைக் கேளுங்கள். விளிம்பைக் கோடரியால் செதுக்கு. ஒரு பழைய தகர டிரம்மைக் கிழித்து, முன்பக்கம் வளைத்து, மூக்குக்கு அடியில் செருகிக் கட்டு. அதுதான் எகிப்தியன் பலகை. அடிக்கடி மரம் இழுக்கிறவரா? வெல்டிங் பட்டறையில் சொல்லி இரண்டு சக்கரத்தோடு ஒரு வளைவு செய்துகொள். கட்டை அதில் தொங்கட்டும், வண்டி அதை டிராபாரில் இழுக்கட்டும். அது ஓவர்பேக்கின் வண்டி. தூக்குவது ஒன்று, இழுப்பது ஒன்று. குறித்து வைக்கச் சொன்னேன் அல்லவா? தரையிலிருந்து ஒரு சாண் எழும்பினால் போதும். அதற்குமேல் தூக்குவது ஜம்பத்துக்குத்தான்.

எதுவும் இல்லையா? கட்டையை இரண்டாக அறுத்துவிடு. மில்காரர் நீளம் கேட்பார், விலை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளட்ச்சைப் பட்டென்று விடாதே. சங்கிலி விறைக்கும்வரை ஊர்ந்து போ. கட்டை முட்டினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதே. யானையைப் போல நின்று யோசி. சரிவில் நேராக ஏறு, நேராக இறங்கு; குறுக்கே போனால் குட்டி வண்டி பக்கவாட்டில் சாயும். இறங்கும்போது சின்ன கியர்; கட்டை பின்னால் மண்ணில் உரசிக்கொண்டே வரட்டும், அதுதான் உன் பிரேக். நைலான் கயிறு வேண்டாம். ரப்பர் மாதிரி இழுபட்டு, அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும். வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைச் சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு அப்பால் நிறுத்து.

கடப்பாரையால் கட்டையைப் புரட்டும்போது எப்போதும் மேட்டுப்பக்கம் நில். பள்ளத்துப் பக்கம் நிற்கிறவன் கட்டைக்கு வழியில் நிற்கிறான்.

1959ல் ஸ்வீடன் ஒரு சட்டம் போட்டது. புது டிராக்டர்களில் ஓட்டுபவரின் தலைக்குமேல் வலுவான இரும்புச் சட்டம் இருந்தே ஆகவேண்டும். கவிழ்ந்தாலும் ஆளை நசுக்காது. அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது அப்புறம் பல மடங்கு குறைந்தது. நம் ஊர்க் குட்டி வண்டிகள் பலவற்றில் அந்தச் சட்டம் இருக்காது. இருக்கிற வண்டி கிடைத்தால் சீட் பெல்ட்டையும் போடவேண்டும். இரும்புச் சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போட்டுக்கொள்வது, வண்டியோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது மாதிரி. கூடாது.

*

கடைசியாக ஒரு வார்த்தை. முட்டுக்கட்டை.

எவனாவது நம் காரியத்தைக் கெடுத்தால் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று திட்டுகிறோம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தேரோட்டத்தைப் பாருங்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுப்பார்கள். ஆட்டம், பாட்டம், கோஷம். சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் சிலர், யாரையும் பார்க்காமல், சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். கையில் ஆப்பு மாதிரி ஒரு கட்டை. சரியான நொடியில் சக்கரத்துக்கு அடியில் போடுவார்கள். தேர் திரும்பும். அல்லது நிற்கும். அவர்கள் இல்லாவிட்டால் தேர் ஜனங்கள்மேல் போகும். முட்டுக்கட்டை என்பது கெடுப்பதற்கு வந்ததில்லை. காப்பதற்கு வந்தது.

தோப்பு ஓரமாக நின்று, "இன்னாப்பா, அவ்ளோ மேல மாட்டுறே?" என்று கேட்டாரே பெரியவர், அவர் கையில் இருந்ததும் அதுதான். அவருக்கு ஃபோர்ட்சனும் தெரியாது, ஃபெர்குசனும் தெரியாது. ஆனால் எங்கேயோ, எப்போதோ, எவனோ ஒருத்தன் மேலே மாட்டி மல்லாந்ததைப் பார்த்திருப்பார். இல்லை, பார்த்தவர் சொல்லக் கேட்டிருப்பார். காட்டிலிருந்து கட்டை இறக்கிய ஆட்களைப் பற்றிப் புத்தகத்தில் வரி இல்லை என்றேன். அவர்கள் எழுதிவைத்துப் போனது இப்படி ஒரு கேள்வியாகத்தான்.

பையன்களுக்கு அந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கும். 'பெருசு முட்டுக்கட்டை போடுது' என்று முணுமுணுப்பார்கள். போடட்டும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, சங்கிலியைக் கழற்றிக் கீழே மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம்.

மாட்டாமல் விட்டால் ஆகிற நேரத்தைத்தான் முன்பே சொல்லிவிட்டேனே.